காய்ச்சுவதற்கு அனுமதி கேட்டவன்

நோர்வேயில் வீட்டில் சாராயம் காய்ச்சத் தொடங்குவது மிகச் சுலபம். சீனி கடையில் கிடைக்கும். ஈஸ்ட்டும் அதே கடையில், பால்மாவுக்குப் பக்கத்துத் தட்டில் கிடைக்கும். கொன்யாக், விஸ்கி, ரம் என்று பெயர் ஒட்டிய வாசனைச் சாறுகளைச் சின்னப் போத்தல்களில் அடுக்கி, காசு கட்டும் இடத்துக்கு அருகிலேயே வைத்திருப்பார்கள். பெரிய கிடாரம், செப்புக் குழாய், வெப்பமானி எல்லாவற்றையும் பற்றுச்சீட்டோடு வாங்கலாம். வாங்கியதை ஒன்றாகப் பொருத்தி அடுப்பில் வைப்பது மட்டும்தான் குற்றம். இந்த ஏற்பாட்டில் அந்த நாட்டில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை, அருளானந்தன் போய் அனுமதி கேட்கும்வரை.

அருளும் நானும் ஒஸ்லோவில், ரொம்சோஸில், ஒரு மாடிவீட்டைப் பங்குபோட்டு இருந்தோம். அவன் திருகோணமலைக்காரன், மூதூர்ப் பக்கம். நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், சில வருடம் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கிவந்து, பஸ் டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தான். 2002இல் போர்நிறுத்தம் வந்த பிறகு, சமாதான காலத்தில் ஊருக்குப் போய் செல்வமலரைக் கல்யாணம் செய்தான். லீவு முடிந்ததும் தனியாகத் திரும்பி வந்தான். அன்றிலிருந்து அவளை நோர்வேக்குக் கூப்பிடுவதுதான் அவனுடைய முழுநேர வேலை. பஸ் கழுவுவது உபதொழில். குடிப்பழக்கம் அறவே கிடையாது. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் கேக்குக்குள் ரம் கலந்திருக்கிறது என்று யாரோ சொன்னதும், வாயில் இருந்ததைக் கைலேஞ்சியில் துப்பிவிட்டு வந்தவன்.

மனைவியைக் கூப்பிட வேலை, வீடு, மொழி மூன்றும் இருந்தால் போதும் என்றுதான் முதலில் சொன்னார்கள். மூன்றையும் அவன் சேர்த்து முடித்த வருடம், புதியோர் வேரூன்றல் அலுவலகம் என்று ஒன்றைத் திறந்து, நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அதுதான் ஓய்வுநேரம்.

அவனுடைய கோப்பு ரன்ஹில்ட் என்ற அம்மாவிடம் இருந்தது. மேசையில் மெழுகுவர்த்தி கொளுத்திவைத்து, தானே பின்னிய கம்பளிச்சட்டையோடு இருப்பாள். நல்ல மனுசி. அதுதான் பெரிய தொல்லை. கெட்ட மனுசியாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"வேலை செய்வது வயிற்றுக்காக," என்று அவள் அவனுக்கு விளக்கினாள். "மொழி படிப்பது தேவைக்காக. ஆனால் ஒரு மனிதன், யாருமே கேட்காமல், தன் சொந்த விருப்பத்தில் என்ன செய்கிறான்? அதில்தான் அவனுடைய வேர் இருக்கிறது. ஆகவே அதை நாங்கள் கேட்கிறோம்."

"நித்திரை கொள்ளுறனான்," என்றான் அருள்.

"நித்திரை எங்கள் பட்டியலில் இல்லை."

"ஞாயிற்றுக்கிழமையில கரப்பந்து விளையாடுறனான். எங்கடை சங்கத்துப் பெடியளோடை. வெள்ளிக்கிழமையில கோயிலுக்குப் போவன்."

"அவை உங்கள் பழைய வேர்கள். அவற்றை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். மதிப்பதால்தான் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை."

அருள் பழைய பனிச்சறுக்குக் கட்டைகளை வாங்கிக்கொண்டு ரொம்சோஸுக்குப் பின்னால் உள்ள காட்டுக்குப் போனான். முதல் இறக்கத்திலேயே கை முறிந்தது. கை முறிந்ததால் பஸ் கழுவ முடியவில்லை. கழுவ முடியாததால் வேலை என்ற நிபந்தனை ஆட்டங்கண்டு, விண்ணப்பம் தள்ளிப்போனது. ரன்ஹில்ட் சுகம் விசாரித்து ஒரு அழகான வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாள். கை சுகமானதும் காளான் பொறுக்கப் போனான். அவன் ஒருநாள் முழுக்கக் குனிந்து பொறுக்கிய கூடையைக் காளான் நிபுணர் ஒருவர் பார்த்துவிட்டு, முழுவதையும் குப்பைத்தொட்டியில் கொட்டினார்.

ஊரிலோ சமாதானம் கிழியத் தொடங்கியிருந்தது. செல்வமலர் தொலைபேசியில், "இஞ்சருங்கோ, ராவிலை ஷெல் சத்தம் கேக்குது. எப்ப கூப்பிடுவியள்?" என்பாள். "கொஞ்சம் பொறும். எனக்கு ஒரு பொழுதுபோக்கு இல்லையாம், அது மட்டும்தான் மிச்சம்," என்பான் இவன். அவளுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. ஷெல் விழுகிற ஊரில் இருப்பவளுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது?

டிப்போவில் ஓட்வார் என்று ஒரு மெக்கானிக் இருந்தான். நோர்வேயின் நடுப்பகுதியில் பிறந்து, திராமன் பக்கம் வீடு வாங்கியவன். அருள் அவனிடம் போய், "உண்மையைச் சொல்லு ஓட்வார், உங்கடை ஆக்கள் ஓய்வுநேரத்திலை என்னதான் செய்யிறவை?" என்று கேட்டான். ஓட்வார் அக்கம்பக்கம் பார்த்தான். சனிக்கிழமை அவனைத் தன் வீட்டு நிலவறைக்குக் கூட்டிப்போனான்.

அங்கே ஒரு பழைய பால் கேன் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் தலையிலிருந்து செப்புக் குழாய் வளைந்துபோய், தண்ணீர் வாளிக்குள் சுருண்டு, மறுமுனையில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஓட்வார் ஒரு கோப்பைக்குள் நாணயத்தைப் போட்டு, அது மறையும்வரை கோப்பியும், பிறகு அது மறுபடி தெரியும்வரை சாராயமும் ஊற்றினான். "இதுதான் நோர்வே," என்றான். "என் அப்பா காய்ச்சினார். எங்கள் ஊர்ப் பாதிரியார் வாங்கினார். ஊர்ப் பொலிஸ்காரர் ருசி பார்த்துக் குறை சொன்னார். இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டோம்."

அருள் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. ஆனால் வாளிக்கு முன்னால் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தவன், பின்னேரம்வரை எழும்பவில்லை. இரவு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான்: "வரதண்ணை, சொட்டு விழுறதைப் பாத்துக்கொண்டு இருக்கேக்கை எனக்கு ஒண்டுமே ஞாபகம் வரேல்லை. ஷெல்லும் இல்லை, விசாவும் இல்லை. உதுதான் பொழுதுபோக்கெண்டு நினைக்கிறன்."

"சந்தோசம்," என்றேன். "ஆனால் வேரூன்றல் கந்தோரிலை வாயைத் திறக்காதை."

"சட்டவிரோதமெண்டால் அனுமதி கேட்டுச் செய்யலாம்தானே?"

நான் தலையில் கைவைத்தேன். அவன் போய்ச் சொல்லிவிட்டான். சொன்னதோடு நிற்காமல், எத்தனை கிலோ சீனி போடலாம், எந்தக் கிழமைகளில் காய்ச்சலாம் என்றும் பணிவாகக் கேட்டிருக்கிறான்.

ரன்ஹில்ட் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாளாம். திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்ததாம். "இந்தக் கதிரையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! எல்லோரும் பனிச்சறுக்கு என்று பொய் சொல்வார்கள். முதன்முதலாக ஒரு வெளிநாட்டவர் எங்கள் நெஞ்சைத் தொட்டிருக்கிறார். உண்மையான நோர்வேப் பொழுதுபோக்கு! இதை நான் ஏற்கவே முடியாது. ஏனென்றால் அப்படி ஒன்று இந்த நாட்டில் இல்லை," என்று சொல்லிக்கொண்டே கணினியில் பதிந்தாள்.

அடுத்த சந்திப்பில் அவளே இரக்கப்பட்டு, "வேண்டுமானால் தையல் என்று மாற்றிவிடவா?" என்று கேட்டாள். அருள் மாட்டேன் என்றான். வேறு யாராக இருந்தாலும் மாற்றியிருப்பார்கள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு நோர்வேயில் கிடைத்த முதல் பாடம் அகதி விசாரணையில் கிடைத்தது. எங்களோடு வந்த ஆனந்தராஜா, தமையனைப் பிடித்துக்கொண்டு போனது செவ்வாய் என்று முதல் விசாரணையிலும், புதன் என்று இரண்டாவதிலும் சொன்னான். தமையனே இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நாங்கள் கந்தோரில் ஒருமுறை சொன்னதைச் செத்தாலும் மாற்றமாட்டோம். பிள்ளையின் பிறந்த திகதியைப் பதட்டத்தில் பிழையாகச் சொல்லிவிட்டு, இன்றுவரை அந்தப் பிழையான நாளிலேயே கேக் வெட்டுகிற குடும்பங்கள் ரொம்சோஸில் உண்டு.

"முதல் சொன்னதை மாத்தினால் பொய்யன் எண்டு பதிவினம் அண்ணை. பிறகு மலரும் பொய், கல்யாணமும் பொய்," என்றான் அருள்.

கோப்பு மதுசாரத் தவிர்ப்புப் பிரிவுக்குப் போனது. அங்கே தோர்மூட் என்ற மேலதிகாரி அவனை எழுந்து நின்று வரவேற்றார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"நோர்வேயில் வீட்டில் காய்ச்சுபவர்கள் யாரும் இல்லை," என்றார் தோர்மூட். "அந்த நிலைமையைக் கட்டிக்காக்கத்தான் இந்த மாடி முழுக்க ஆட்கள் வேலைசெய்கிறோம். இதுவரை எவருமே அனுமதி கேட்டதில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்போம். கேட்காததால் மறுப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இல்லாமல் போய்விட்டது. உங்களை முறைப்படி மறுக்க ஒரு குழு அமைத்திருக்கிறோம். அதுவரை பொறுமையாக இருங்கள்."

"எனக்கு அனுமதி வேண்டாம் ஐயா. இல்லையெண்டு இப்பவே சொல்லுங்கோ, போதும்," என்றான் அருள்.

"அது எப்படி? எதை மறுக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டாமா?"

பார்க்க மூன்று பேர் வந்தார்கள். வாசலில் சப்பாத்துக்கு நீல உறை மாட்டிக்கொண்டு, எங்கள் குசினி, குளியலறை, என் கட்டிலுக்குக் கீழே எல்லாம் தேடினார்கள். காய்ச்சும் சாதனம் ஒன்றுமே இல்லை என்றதும் முகம் வாடிப்போனார்கள். சாதனம் இல்லாத இடத்தில் சாதனத்தை எப்படி மறுப்பது? குழு கூடி யோசித்து, அருளுக்கு ஒரு கிடாரம் வைத்திருக்கத் தற்காலிக அனுமதி கொடுத்தது. மூடி இல்லாமல். மூடியோடு சேர்ந்தால் அது வடிகலனாகிவிடுமாம். மூடி வேறு பிரிவின் பொறுப்பு. அந்தப் பிரிவு மேல்மாடியில் இருக்கிறது, அங்கே ஆள் லீவில்.

மறுப்பதற்கு ஒன்று வேண்டுமே என்று அருள் வாங்கிய செப்புக் கிடாரம் எங்கள் வரவேற்பறை நடுவில் வந்து குந்தியது. இருக்க இடமில்லாமல் போனதால், நான் ஒருநாள் கடையில் வாங்கிவந்த உருளைக்கிழங்கை அதற்குள் கொட்டிவைத்தேன். மறுமுறை பரிசோதிக்க வந்தவர்கள் அதைப் படம் எடுத்தார்கள். உருளைக்கிழங்கு மதுசாரத்தின் மூலப்பொருள். கிடாரத்துக்குள் மூலப்பொருள் இருந்தால் அது ஆயத்தம். கறிக்கு என்று நான் சொன்னேன். "எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்," என்றார் ஒருவர். நாட்டில் காய்ச்சுபவர் யாருமே இல்லை என்று கேள்விப்பட்டிருந்ததால், அந்த எல்லோரும் யார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆயத்தம் நிரூபணமானதால் அருளைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வீட்டில் காய்ச்சத் தொடங்குவோருக்கான தவிர்ப்புப் பயிற்சி. ஆசிரியர்கள் மூன்று பேர், மாணவன் ஒருவன். எதைச் செய்யக்கூடாது என்று துல்லியமாகத் தெரிந்தால்தானே செய்யாமல் இருக்கலாம் என்று, ஊறவைப்பதிலிருந்து வடிப்பதுவரை படம் கீறி, ஒன்றும் விடாமல் சொல்லிக்கொடுத்தார்கள். முடிவில் பரீட்சை. அருள் முதலாவதாக வந்தான்.

கடைசி வகுப்பில் ஒரு ஆலோசகர் கனிவோடு கேட்டார்: "எப்போதிலிருந்து குடிக்கிறீர்கள்?"

"நான் குடிக்கிறதில்லை."

"ஒரு சொட்டும்?"

"ஒரு சொட்டும் இல்லை."

ஆலோசகர் பேனாவை வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தார். "இல்லை என்று சொல்வதுதான் முதல் அறிகுறி. இவ்வளவு உறுதியாகச் சொல்பவரை நான் பார்த்ததே இல்லை. உங்கள் நிலைமை பாரதூரமானது." குடியடிமை என்று பதிவானது. சிகிச்சைக்கு அனுப்பினார்கள். சிகிச்சை நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து, மது இல்லாதவரைச் சேர்க்க முடியாது என்று வாசலிலேயே திருப்பினார்கள். சேராததால் குணமாகவில்லை என்று அதுவும் பதிவானது.

ரன்ஹில்ட் அவனைக் கூப்பிட்டாள். "நல்ல செய்தியும் உண்டு, கொஞ்சம் கவலையான செய்தியும் உண்டு. உங்கள் வேரூன்றல் பூரணம். எங்கள் பிரச்சினைகூட உங்களுக்கு வந்துவிட்டது, இதற்குமேல் யாராலும் வேரூன்ற முடியாது. ஆனால் மதுப் பிரச்சினை உள்ள வீட்டுக்கு ஒரு பெண்ணை எப்படி வரவிடுவது? உங்கள் மனைவியின் பாதுகாப்பு எங்களுக்கு மிக முக்கியம். அவர் இப்போது இருக்கும் இடத்திலேயே பத்திரமாக இருக்கட்டும்."

அது 2006 ஆவணி. அவள் இருந்த இடம் மூதூர்.

அந்த மாதத்தில் மூதூரில் சண்டை தொடங்கியது. தொலைபேசி எடுபடவில்லை. அருள் தொலைபேசி அட்டைகளைச் சுரண்டிச் சுரண்டி இலக்கங்களை அழுத்திக்கொண்டே இருந்தான். கிடாரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் இருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டான். பல நாளுக்குப் பிறகு, யாரோ ஒருவருடைய தொலைபேசியிலிருந்து அவள் கதைத்தாள். சனத்தோடு சனமாக நடந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாளாம்.

"என்னப்பா, உங்கடை அலுவல் எந்தளவிலை?" என்று கேட்டாள்.

அவனுக்குப் பொய் சொல்ல வராது. கிடாரம், மூடி, பயிற்சி, குடியடிமை எல்லாவற்றையும் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "கசிப்புக் காய்ச்சவே நோர்வேக்குப் போனனீங்கள்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அருளும் சிரித்தான். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் கேட்டது அந்த ஒருதரம்தான். சிரித்துமுடிந்ததும் அவள் அழுதாள். "எனக்கு இனி ஏலாதப்பா. இஞ்சை எல்லாரும் வெளிக்கிட்டுப் போகினம்," என்றாள். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

அருள் மறுநாளே தோர்மூட்டிடம் ஓடினான். "தயவுசெய்து என்னை மறுத்துவிடுங்கோ," என்று கையெடுத்துக் கும்பிட்டான். நான் பக்கத்தில் நின்றேன். தோர்மூட்டும் கலங்கிப்போனார். "உங்களை மறுக்க நாங்கள் இரவுபகலாக உழைக்கிறோம். அவசரப்பட்டு மறுத்தால் அது நீடிக்காது," என்றார்.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்குச் சற்று முன்பு, அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளிக்கிட்டவள் எங்கே என்று தெரிந்தது. இந்தியாவில், மண்டபம் அகதி முகாமிலிருந்து பேசினாள். மன்னாருக்குப் போய், ஆட்களோடு படகேறி, நடுக்கடலில் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவளை இந்தியக் கடற்படை வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. கடவுச்சீட்டு, கல்யாணப் பதிவு எல்லாம் பையோடு தண்ணீரில் போய்விட்டன. "உயிரோடை இருக்கிறன்," என்றாள். "வந்த அண்டைக்கே ஒரு அறை தந்திட்டினம். ஒருத்தரும் என்ரை பொழுதுபோக்கு என்னண்டு கேக்கேல்லை."

அந்தக் கிழமையே வேரூன்றல் அலுவலகம் அருளை அவசரமாக வரச்சொன்னது. நானும் போனேன். மேசையில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே பாதாம் கேக் ஒன்று இருந்தது. ரன்ஹில்டோடு தோர்மூட்டும் வந்து நின்றார். எங்களைக் கண்டதும் கைதட்டினார்கள்.

"முடிந்துவிட்டது!" என்றார் தோர்மூட். "குழு உங்களை முறைப்படி மறுத்துவிட்டது. வரலாற்றிலேயே முதல் மறுப்பு, உங்களுடையது. இனி நீங்கள் காய்ச்சுபவர் அல்ல. ஒருபோதும் காய்ச்சியவரும் அல்ல. ஆகவே உங்களுக்கு மதுப் பிரச்சினை இருந்ததே இல்லை."

"அதனால் உங்கள் மனைவிக்கு அனுமதி!" என்றாள் ரன்ஹில்ட். "கடவுச்சீட்டோடு கொழும்பில் எங்கள் தூதரகத்துக்கு நேரில் வந்து விசாவைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வேறொன்றுமே தேவையில்லை."

அருள் கதிரையில் உட்கார்ந்தான். செல்வமலர் எங்கே இருக்கிறாள் என்று சொன்னான். படகையும் மணல்திட்டையும் தண்ணீரில் போன பையையும் ஒழுங்காக, ஒரு நாள் பிசகாமல், விசாரணையில் சொல்வதுபோலச் சொன்னான்.

ரன்ஹில்ட் கேக் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தாள். தோர்மூட் மெதுவாக அறையைவிட்டு வெளியே போனார். அது அவருடைய பிரிவு அல்ல.

"அப்படியானால் அவர் கொழும்பில் இல்லை," என்றாள் ரன்ஹில்ட். "இந்த அனுமதி கொழும்புக்கு மட்டும். இந்தியாவென்றால் புதுக் கோப்பு. அதுவும் நாட்டைவிட்டுக் களவாகப் போனவர் என்றால்..." அவள் முகத்தில் கோபம் இல்லை. உண்மையான வருத்தம்தான் இருந்தது. "அருளானந்தன், நீங்கள் இவ்வளவு நேர்மையான மனிதர். உங்கள் மனைவி ஏன் முதலில் அனுமதி கேட்கவில்லை?"

இத்தனை காலமும் அந்தக் கட்டடத்தில் அருள் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினான். மெழுகுவர்த்திச் சுடர் ஆடியது. தமிழில் சொல்கிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

"நான் கேட்டனான்," என்றான். "அவளுக்கும் சேத்து நான்தான் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

ரன்ஹில்ட் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை. அவள் ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்து, அவன் பக்கம் தள்ளினாள்.